காயிலில் எத்தனை வாட் என்று சொல்லிவிட்டு வண்டியை விற்றால் என்ன? பைக் கம்பெனிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக் கம்பெனிகளில் ஹெட்லைட்டும் வயரிங்கும் வடிவமைக்கிற பொறியாளர்களுக்கும், அந்த விளக்குகளுக்கு விதி எழுதுகிற கமிட்டிகளில் இருப்பவர்களுக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் இருசக்கர வாகனங்களுக்கு வயரிங், பேட்டரி வேலை பார்க்கிறவன். கேள்வி ஒன்றுதான், சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எஞ்சின் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும், சீட்டு எத்தனை உயரம் என்றெல்லாம் கலர் கலராக அச்சடித்துக் கொடுக்கிறீர்களே, வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கிற மேக்னட் காயில் எத்தனை வாட் கொடுக்கும், அதில் வண்டி தன் சொந்தச் செலவுக்கு எத்தனை வாட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் எத்தனை என்பதை மட்டும் ஏன் பெரும்பாலான வண்டிகளில் எங்கேயும் போடுவதில்லை?

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அம்பாசமுத்திரம் ரோட்டில் வந்து நின்று பாருங்கள். எதிரே வருகிற பைக்குகளில் ஒரு பங்கு கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சத்தோடு வரும், இன்னொரு பங்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மினுக்கிக்கொண்டு வரும். இந்த இரண்டு தொல்லைக்கும் பெரிய காரணம் நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த வாட்தான் என்பது என் கட்சி. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, அபராதம் எழுதி, பல்பைக் கழற்றச் சொல்வதால் இது தீராது. கழற்றின பல்பு மறுநாள் காலையில் திரும்ப ஏறிவிடும், ஏற்றச் சொல்லி எங்களிடம்தானே வருகிறார்கள்.

வருகிறவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், பந்தாவுக்கு லைட் மாட்டுகிற பையன்கள் என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பையன்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற பால்காரர், களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வருகிறவர், கங்கைகொண்டான் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புகிற பிள்ளைகள், பேறுகாலத்துக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மகளைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கும் பாளையங்கோட்டைக்குமாக அலைகிற அப்பாக்கள், இவர்கள்தான் அதிகம். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுகிறார்கள்: “அண்ணாச்சி, லைட்டு அடிக்கவே மாட்டேங்கு. மாடு படுத்துக் கெடந்தா கிட்டப் போன பொறவுதான் தெரியுது. நல்லதா ஒரு எல்இடி மாட்டி விடுங்க.”

மாடு மட்டுமில்லை. கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பருவத்தின் அறுப்பும் முடிந்தால் எங்கள் பக்கம் ரோட்டில் பாதி நெல் காயும், ராத்திரியில் அதைக் குவித்து மேலே தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கல் வைத்துவிடுவார்கள். கறுப்புத் தார் ரோட்டில் கறுப்புத் தார்ப்பாய், கறுப்புக் கல். இன்னொரு பக்கம் கன்னடியன் கால்வாயை ஒட்டியே போகிற சின்ன ரோடுகள், தடுப்புச் சுவர் என்று ஒன்று இல்லாத இடங்களே நிறைய. இங்கே ஹெட்லைட்டுக்கு உள்ள வேலை, எதிரே வருகிறவனுக்கு நாம் வருகிறோம் என்று காட்டுவது மட்டும் இல்லை, ரோட்டைக் காட்டவேண்டும். டவுன் தெருவிளக்குக்குக் கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு இது போதும் என்று முடிவு செய்தவர்கள் இந்த ரோட்டில் ஒரு தடவை வந்தால் நன்றாக இருக்கும்.

கணக்குப் போட்டே சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய பதினாறே முக்கால் மீட்டர். மாட்டைக் கண்ணால் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை நொடி வைத்துக்கொள்ளுங்கள், 25 மீட்டர் போய்விட்டது. அதற்கப்புறம் காய்ந்த ரோட்டில் ஒழுங்காகப் பிரேக் பிடித்தால் இன்னொரு 23, 24 மீட்டர். ஆக ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி என்ன கிடக்கிறது என்று தெரிந்தால்தான் 60இல் போகலாம். சாதாரண 100, 110 சிசி வண்டியின் லோ பீமில், அதாவது டிம் வெளிச்சத்தில், கறுப்பு நிறத்தில் கிடக்கிற ஒன்று 50 மீட்டரில் தெரியும் என்று உங்களில் யாராவது உறுதியாகச் சொல்வீர்களா? அதே வண்டி விளம்பரத்தில் 80க்கு மேல் பறக்கிறது. 80இல் இந்தக் கணக்கு 70 மீட்டரைத் தாண்டிவிடும்.

அப்படியானால் பெரிய பல்பாகப் போட்டுவிடலாமே என்றால், அங்கேதான் காயில் வந்து நிற்கிறது. இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது கிராங்க்கோடு சேர்ந்து காந்தம் வைத்த ஒரு சக்கரம் சுற்றும், அதற்குள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் அசையாமல் இருக்கும். காந்தம் சுற்றச் சுற்றக் காயிலில் கரண்ட் வரும். வேகமாகச் சுற்றினால் நிறைய, மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம். காரில் இருக்கிற ஆல்டர்னேட்டரில் காந்தப்புலத்தையே கூட்டவும் குறைக்கவும் முடியும், பைக்கில் இருப்பது நிலைக்காந்தம், அதைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. அதனால் மெதுவாகப் போகும்போது பற்றாக்குறை, வேகமாகப் போகும்போது மிதமிஞ்சி வரும். மிஞ்சுவதை ஆர்ஆர் யூனிட் என்று நாங்கள் சொல்லுகிற ரெகுலேட்டர் பெரும்பாலான வண்டிகளில் காயிலுக்கே திருப்பி ஷார்ட் செய்து சூடாக்கிக் கழித்துவிடும். அந்த யூனிட்டைத் தொட்டால் கை சுடுவதும், அதன் கனெக்டர் பழுப்பேறிக் கருகி எங்களிடம் வருவதும் இதனால்தான். அதை ஏன் பக்கவாட்டு மூடிக்குள்ளே, காற்றே போகாத மூலையில் வைக்கிறீர்கள் என்பது இன்னொரு கேள்வி, அதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

பழைய டிவிஎஸ் 50 ஓட்டினவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஹெட்லைட் நேராகக் காயிலிலிருந்து எரியும், பேட்டரிக்கு அதில் வேலை இல்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிரகாசம், விட்டால் மங்கல். பள்ளம் வருகிறது என்று வேகத்தைக் குறைத்தால் பள்ளமே தெரியாது, தெரியவேண்டும் என்றால் முறுக்கவேண்டும். இருட்டான ஊர்ப்பாதையில் எஞ்சினை உறுமவிட்டுப் போன தலைமுறை எங்களுடையது. அதற்குப் பின்னால் வந்த விலை குறைந்த வண்டிகள் சிலவற்றிலும் ஹெட்லைட் இப்படிக் காயிலிலிருந்து நேராக எரிகிற ஏசி செட்தான்.

சின்ன வண்டிகளின் காயில், நல்ல வேகத்தில் ஓடும்போதே நூறு வாட்டை ஒட்டித்தான் கொடுக்கும், ஐடிலில், அதாவது முறுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அதில் பாதிகூட வராது. செலவைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பரவலாக உள்ள ஹெச்எஸ்1 என்கிற ஹெட்லைட் பல்பு 35 வாட். டெயில் லைட் 5 வாட். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் இன்னொரு 21 வாட் எரியும், இண்டிகேட்டர் போட்டால் முன்னும் பின்னும் பத்துப் பத்து. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி வந்தது, அதோடு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. டேங்குக்குள்ளே இருக்கிற பெட்ரோல் பம்பு மட்டும் ஓர் ஆம்பியர் முதல் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும், கூடவே இன்ஜெக்டர், இசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், சென்சார்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் இந்தச் செலவு ஒன்றுமே கிடையாது. புகையைக் குறைப்பதற்கு வந்த மாற்றம், வரவேற்கிறேன், எங்கள் ஊர்க் காற்றும் எனக்கு வேண்டும். ஆனால் வரவு எத்தனை கூடியது என்பதையும் சொல்லியிருக்கவேண்டாமா?

2017 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சே கிடையாது, எஞ்சின் ஓடினால் விளக்கு எரியவேண்டும் என்று விதி. பகலில் எரிந்தால் எதிரே வருகிற லாரிக்காரன் பார்ப்பான், உயிர் தப்பும், நல்ல விதிதான். இதில் குறை சொல்லுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். லைட் எரிவதால் பெட்ரோல் ரொம்பச் செலவாகிறது என்கிற பேச்சும் இந்த வகை ரெகுலேட்டர் உள்ள வண்டிகளில் நிற்காது, எரிக்காவிட்டால் அந்தக் கரண்ட் சூடாகத்தான் போகப்போகிறது. என் குறை வேறு. செங்கோட்டை ரயில் லைனில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, கீழக்கடையம் என்று வழிநெடுக ரயில் கேட் உள்ள ஊர்கள். கேட் போட்டுவிட்டால் இருட்டில் எஞ்சினை அணைக்காமல் நிற்பவர்களே அதிகம். அப்போது ஹெட்லைட்டும் பேட்டரியிலிருந்தே எரிகிற டிசி செட் வண்டி ஒன்றின் நிலைமை என்ன? விளக்கு, பம்பு, இசியு எல்லாம் சேர்த்து சுமார் 70 வாட் செலவு, ஐடிலில் வரவு 40 என்று வைத்தால் 30 வாட் துண்டு விழுகிறது. அதைப் பேட்டரிதான் ஈடுகட்டவேண்டும், ஏறக்குறைய இரண்டரை ஆம்பியர். நீங்கள் கொடுத்திருப்பது நான்கு ஆம்பியர்-அவர் பேட்டரி. ஒரு கேட்டில் ஒன்றும் ஆகாது. கேட், அப்புறம் கடைத்தெரு நெரிசல், அப்புறம் தேர்த் திருவிழாக் கூட்டம், நடுவே நான்கைந்து முறை செல்ஃப், மறுநாளும் இதே மாதிரி இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் என்றால் பேட்டரி நிறையவே நிறையாது. “புது பேட்டரி அண்ணாச்சி, ஆறு மாசத்துலயே போச்சு” என்று வருகிற வண்டிகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் பல நேரம் கோளாறே இருக்காது, சார்ஜே ஏறியிருக்காது. ஐடிலில் 12.4 வோல்ட் காட்டும், முறுக்கினால்தான் 14ஐத் தொடும்.

இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் நீங்கள் கிக்கரையும் எடுத்துவிட்டீர்கள். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பம்புக்கும் இசியுவுக்கும் கரண்ட் இல்லை, தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பழைய மாதிரி லேசு இல்லை. மணிமுத்தாறு போகிற வழியில் ராத்திரி பத்து மணிக்கு அப்படி நிற்கிறவர் யாருக்குப் போன் போடுவார்? எனக்குத்தான் போடுகிறார். என் பிழைப்புக்கு நல்லதுதான், இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும்.

வயரைப் பற்றி வயரிங்காரன் பேசாமல் இருக்க முடியாது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் ஃபியூஸ், சாவி, ஹேண்டில்பாரில் இருக்கிற டிம் டிப் சுவிட்ச், நடுவே மூன்று நான்கு கனெக்டர், நூல் மாதிரி ஒரு வயர் என்று வண்டி முழுக்கச் சுற்றி, ஹெட்லைட் கூடான டூமுக்குப் போய்ச் சேருகிறது. பேட்டரி முனையில் பதிமூன்றரை வோல்ட் இருக்கும்போது பல்பு ஹோல்டரில் பன்னிரண்டேகால் இருப்பதை நாங்கள் சாதாரணமாகப் பார்க்கிறோம். ஒன்றேகால் வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும், இது நான் சொல்வதில்லை, பல்பின் இயற்பியல், நீங்கள் காலேஜில் படித்ததுதான். ஹெச்எஸ்1 பல்பு 13.2 வோல்ட்டில் ஹை பீமுக்கு 825 லூமென், லோ பீமுக்கு 525 லூமென் என்று வெளிச்ச அளவு. அந்த 525இல் ஏறக்குறைய கால்வாசி உங்கள் மெல்லிய வயரிலேயே காணாமல் போய்விடுகிறது. சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்குகிற சுவிட்சான ரிலே இரண்டு போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, எர்த்தையும் ஃபிரேமை நம்பாமல் தனியாகக் கொண்டுவந்தால் அதே பல்பு புது பல்பு மாதிரி எரியும். கடைவிலைக்கே சில நூறு ரூபாய் வேலை. கம்பெனியில் லட்சக்கணக்கில் போடும்போது உங்களுக்கு எவ்வளவு ஆகும்? அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் இத்தனை பேர் இருட்டில் தடவுகிறார்களா?

இப்போது மாற்று பல்புக்கு வருவோம். முதல் வழி, ஹெச்4 பல்பு, 60/55 வாட். லூமென் இரண்டு மடங்கு. அதன் அடிப்பாகம் ஹெச்எஸ்1 ஹோல்டரில் அப்படியே உட்காராது, காதை அரத்தால் ராவி உட்கார வைப்பார்கள். காயிலில் மிச்சம் இல்லாத வண்டியில் இன்னும் இருபது, இருபத்தைந்து வாட் ஏற்றினால் பேட்டரி இறங்கும், அல்லது ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகும். நான் செய்வதில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது வழி, காயிலின் எர்த் முனையைத் தூக்கி வெளியே எடுத்து, காயில் கரண்டை முழுசாக டிசியாக மாற்றுகிற ஃபுல் வேவ் ரெகுலேட்டர் மாட்டி, ஏசி செட்டை முழு டிசி ஆக்குவது. ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலை, ஐடிலிலும் விளக்கு ஒரே நிலையாக எரியும். ஆனால் காயில் கொடுப்பதற்கு மேல் ஒரு வாட்கூட அதனால் பிறக்காது, எந்த வண்டியில் எவ்வளவு கொடுக்கும் என்று தெரியாமல் நாங்கள் குருட்டுத்தனமாகத்தான் செய்கிறோம். மூன்றாவது வழி, அந்த வழியில்தான் ஊரே போகிறது, பழைய டூமிலேயே சீன எல்இடி பல்பு.

எல்இடி மேல் எனக்குக் கோபம் இல்லை. குறைந்த வாட்டில் அதிக வெளிச்சம், காயில் சின்னதாக இருக்கிற நாட்டுக்கு அது வரம். நீங்களே டூமோடு சேர்த்து வடிவமைத்துக் கொடுக்கிற எல்இடி விளக்குகளில் சில அருமையாக இருக்கின்றன. தகராறு எங்கே என்றால், இழை பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைப் போடுவதில். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க, சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழை குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று நம்பிச் செய்தது. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், மேலே போகக் கூடாத வெளிச்சத்தை அது மறைக்கும். எல்இடி பல்பில் சில்லு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், இழை இருந்த இடத்தில் சரியாக இருக்காது, கிண்ணமும் பேருக்குத்தான். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்கு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பளீரென்று இருக்கும், ஆகா என்று சந்தோஷப்படுவார், ஆனால் பக்கத்தில் பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கித் தூரம் இன்னும் இருட்டாகத்தான் தெரியும். எதிரே வருகிறவருக்கோ ஒன்றுமே தெரியாது. அவரும் கோபத்தில் நம்மிடம் வந்து இன்னும் பெரியதாக ஒன்று மாட்டிக்கொள்கிறார். சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி ஒருவர் வைத்தால் இன்னொருவர் கூட வைக்கிற கதையாகிவிட்டது.

மழைக்காலத்தில் இன்னும் மோசம். நனைந்த தார் ரோடு கண்ணாடியாகி, நம் வெளிச்சத்தை முன்னாலேயே தள்ளிவிடும், நம் கண்ணுக்குத் திரும்பி வராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) நீல வெள்ளை விளக்கோடு எதிரே நாலு பேர் வந்தால் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கிளம்பவேண்டும். கொஞ்சம் மஞ்சள் கலந்த, 4000 கெல்வின் பக்கம் இருக்கிற எல்இடி சில்லுகள் சந்தையில் இல்லாமல் இல்லை. பளீர் வெள்ளை என்றால் ஷோரூமில் புதுசாகத் தெரியும், விற்கும், அதனால் அதையே போடுகிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பின் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் பேசுவதில்லை. ஷோரூமில் வண்டியில் ஆள் இல்லாமலோ ஒருவர் உட்கார்ந்தோ லைட் பார்க்கிறீர்கள். லோ பீம் பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி, அதாவது ஒரு சதவீதம் இறக்கம் வைத்ததாக எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் பின்னால் வீட்டுக்காரம்மா, நடுவில் பிள்ளை, சைடில் பை, அல்லது ஒரு யூரியா மூட்டை. பின் ஷாக் முன்னதைவிட மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினால் போதும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 130 சென்டிமீட்டர் என்றால் வண்டி 2.3 சதவீதம் மூக்கைத் தூக்கிவிட்டது. ஒரு சதவீதம் இறங்கவேண்டிய வெளிச்சம் இப்போது 1.3 சதவீதம் ஏறுகிறது. தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருக்கிற விளக்கின் வெளிச்சம் 45 மீட்டர் தள்ளி ஒன்றரை மீட்டர் உயரத்தில் போகும், அது அப்படியே எதிரே பைக்கில் வருகிறவரின் கண். இத்தனைக்கும் அது கம்பெனி பல்பு, லோ பீம்!

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, 8 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. நான் சொன்ன வண்டியில் 8 மீட்டரில் வெளிச்சம் ஒரு மீட்டர் உயரத்தைக்கூடச் சரியாகத் தாண்டாது. விதிப்படி அந்த வண்டி சுத்தம். ரோட்டில் எதிராளி குருடு. கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பின்னால் ஆள் ஏறினால் அதைத் திருப்பி விளக்கை இறக்கிக்கொள்ளலாம். பைக்கில் அதற்கு டூமைச் சுற்றி ஒரு ஸ்க்ரூ, அதையும் பல வண்டிகளில் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ஸ்க்ரூடிரைவரோடு யாரும் பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றுவதில்லை. கை விரலால் திருகுகிற மாதிரி ஒரு குமிழ், ஒற்றை ஆள், இரட்டை ஆள் என்று இரண்டு கோடு, இவ்வளவு போதும். மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம், செலவு என்று பேசவே இடம் இல்லாத விஷயம்.

வளைவில் பைக் சாயும்போது வெளிச்சமும் கூடவே சாய்ந்து, நாம் போகப்போகிற உள்பக்கம் இருட்டாகிவிடும். செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரை எஸ் வளைவில் ராத்திரி இறங்கினவர்களுக்குத் தெரியும். இதற்கு வழி செய்த விலை உயர்ந்த வண்டிகள் வெளிநாட்டில் இருக்கின்றன, சின்ன வண்டியில் அதை நான் கேட்கவில்லை. பீமை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலமாக விரித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன், நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள்.

கம்பெனியே எல்இடி டூம் கொடுக்கிற வண்டிகளைப் பற்றி ஒரு குறை, சுருக்கமாக. உள்ளே எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற ஒரு டிரைவர் போர்டு போனாலும் மொத்த டூமையும் மாற்றவேண்டும், பல ஆயிரம் ரூபாய். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது மூழ்கின வண்டிகளை அதற்கப்புறம் மாதக்கணக்கில் பார்த்தோம். இழை பல்பு வண்டியில் கனெக்டரைக் கழற்றிக் களிம்பைச் சுரண்டி, ஹோல்டர் மாற்றி, வேலையை முடித்துவிடலாம். ஒட்டி மூடின எல்இடி டூமுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அதன் விலையைக் கேட்டுவிட்டு நேராகப் போய் இருநூறு ரூபாய் ஃபாக் லேம்ப் இரண்டு மாட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்கள்தான் இன்றைக்கு எதிரே வந்து கண்ணைக் கூசவைக்கிறார்கள். சில்லு, டிரைவர், கண்ணாடி மூன்றையும் தனித்தனியாகக் கழற்றுகிற மாதிரிச் செய்யமுடியாதா?

விதி எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஹெட்லைட்டைத் தனியாகக் கழற்றி, சோதனைக்கூடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, அளவு பார்த்து வைத்த பல்பைப் போட்டு, 25 மீட்டர் தள்ளித் திரையில் அளக்கிறீர்கள். சரி, அதுவும் வேண்டும். ஆனால் ரோட்டில் எரிவது அந்த விளக்கு இல்லை. அந்த வண்டியின் காயில், அந்த வண்டியின் வயர், ஐடிலில் நிற்கிற எஞ்சின், இரண்டு பேர் உட்கார்ந்த சஸ்பென்ஷன், இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த விளக்கு. வண்டியை முழுசாக நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டு, பல்பு முனையில் இத்தனை வோல்ட்டுக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். பின் சீட்டில் 70 கிலோ வைத்து லோ பீம் எங்கே விழுகிறது என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிக்குப் பயந்தே வயர் தடிக்கும், காயில் பெரிதாகும், குமிழும் வந்துவிடும்.

விலை கூடும், மைலேஜ் குறையும், காயிலைப் பெரிதாக்கினால் எஞ்சினுக்குச் சுமை என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். ஐம்பது வாட் கூடுதலாக எடுக்க எஞ்சினில் ஒரு குதிரைத்திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதானே ஆகும்? டேங்கில் ஒட்டுகிற ஸ்டிக்கரை வருடா வருடம் மாற்றப் பணம் இருக்கிறது, போனோடு பேசுகிற மீட்டர் வைக்கப் பணம் இருக்கிறது. அந்த மீட்டருக்கும், போன் சார்ஜ் போடுகிற யுஎஸ்பி முனைக்கும் அதே காயில்தானே கரண்ட் கொடுக்கவேண்டும்? விற்கிறபோது சார்ஜர் இருக்கிறது என்கிறீர்கள், மழையில் லைட்டும் போட்டு மேப்பும் போட்டுச் சார்ஜும் போட்டு உணவு டெலிவரி செய்கிற பையனின் பேட்டரி ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் வெளியே எதையோ மாட்டியிருக்கிறாய், வாரண்டி கிடையாது என்கிறது ஷோரூம். எத்தனை வாட் வரை மாட்டலாம் என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் அந்தப் பேச்சு நியாயம். எழுதாமல் விட்டுவிட்டு வாரண்டியை மறுப்பது என்ன நியாயம்?

எங்களிடம் தப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அரத்தால் ராவுகிறவனும், டிம் அடிக்காமல் போகிறவனும், ஹை பீமிலேயே ஊரைச் சுற்றுகிறவனும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு எழுதவேண்டிய கடிதம் வேறு. ஆனால் ஒரு மெக்கானிக் வாடிக்கையாளரிடம் “இந்த வண்டியில இருபது வாட்டுக்கு மேல தாங்காதுவே, இதை மாட்டாதே” என்று அடித்துச் சொல்லவேண்டும் என்றால் அவன் கையில் ஒரு எண் வேண்டும். அந்த எண் உங்கள் மேசையில் இருக்கிறது.

அடுத்த மாடல் வரும்போது கையேட்டில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். ஐடிலில் காயில் எத்தனை வாட், 40 கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை, விளக்கோடு சேர்த்து வண்டியின் சொந்தச் செலவு எத்தனை, வெளியே மாட்டுவதற்கு மிச்சம் எத்தனை. நாலே எண். அதையே சீட்டைத் தூக்கினால் தெரிகிற மாதிரி பேட்டரி மூடிக்கு மேல் தமிழிலும் ஒரு ஸ்டிக்கராக ஒட்டிவிட்டால், கையேட்டைத் தொலைத்தவர்களின் வண்டியிலும் எங்களுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவிப் பக்கத்து வயரிங் மெக்கானிக் ஒருவன்